வீரபத்திரன் சட்டை

நேற்றுக் காலை தோட்டத்துப் பையன்கள் இரண்டு பேர் வந்து சட்டையைத் திருப்பித் தந்தார்கள். பழைய பேப்பரில் சுற்றி, அதன்மேல் ஒரு சீலைத் துண்டால் கட்டியிருந்தார்கள். "பத்திரமாத்தான் வச்சிருந்தோம் மாமா. தோள்ல மட்டும் கொஞ்சம் விட்டிருச்சு" என்று சொல்லி, நான் பிரித்துப் பார்ப்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று ஓடிவிட்டார்கள்.

முடிச்சை அவிழ்த்ததும் முதலில் வந்தது வாசம்தான். தீப்பந்தப் புகை, முத்துவெள்ளை, தேங்காயெண்ணெய், விடிய விடிய ஆடிய ஒரு ஆளின் வியர்வை. ஐம்பது வருடமாக இந்தச் சட்டையில் பூச்சி உருண்டை வாசத்தைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை. அப்படியே மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து தேத்தண்ணி ஆறுகிறது என்று குரல் வந்தது. அது ஆறியே போனது.

சிவப்பு வெல்வெட் சட்டை. காமன் கூத்தில் வீரபத்திரனுக்கு என்று அப்பா தைத்தது.

அப்பாவின் தையற்கடை உக்குவளைக் கடைவீதியில், எல்கடுவைப் பாதைக்குப் போகிற பக்கமாக இருந்தது. ஒரு சிங்கர் மெஷின், ஒரு மேசை, சுவரில் கண்ணாடி, கரி இஸ்திரிப் பெட்டி. வருடம் முழுக்கப் பள்ளிக்கூடக் காற்சட்டையும் ரவிக்கையும் தைப்பார். தை பிறந்துவிட்டால் கடையின் நிறமே மாறிவிடும். மேலே தோட்டத்திலிருந்து கூத்து வாத்தியார் இறங்கி வருவார். பகலில் ரப்பர் பால் வெட்டுகிற கை. விரலிடுக்கில் கறுத்த பால் ஒட்டியிருக்கும். கடைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். "டெய்லர் அண்ணே, இந்த வருசம் ரதிக்கு ஆள் மாறியிருக்கு, கொஞ்சம் தாட்டியமான பையன். இடுப்புல ரெண்டு விரக்கட கூட்டிருங்க" என்பார். அவர் பேசினாலே தாளம் இருக்கும்.

மன்மதனுக்குப் பச்சை, ரதிக்கு மஞ்சளில் கரை, யமனுக்குக் கறுப்பு என்று துணி வரும். மாத்தளைப் புடவைக் கடையில் கடனுக்கு வாங்கிய வெல்வெட், ஜிகினாச் சரிகை, சமிக்கி. தோட்டத்தில் சம்பளம் போட்டதும் தலைவர் வீட்டுக்கு வீடு தண்டிக் காசு கொண்டுவருவார். ரதியின் ரவிக்கைக்கு மட்டும் அப்பா கூலி வாங்க மாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "நீ பொறந்தது காமன் நட்ட வருசம்டா" என்றதோடு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார்.

அவர் அதிக நேரம் செலவழித்தது வீரபத்திரன் சட்டைக்கு. காமன் கூத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். வீரபத்திரன் மற்ற வேசக்காரர்கள் மாதிரி நடந்து வருவதில்லை. அருள் ஏறி வருவான். இடுப்பில் கயிறு கட்டி, நாலைந்து பேர் பின்னால் பிடித்து இழுத்துக்கொண்டுதான் அவனைப் பொட்டலுக்குக் கொண்டுவர முடியும். அவன் முன்னுக்குத் துள்ளுவான், இவர்கள் பின்னுக்கு இழுப்பார்கள், தப்பு உச்சத்துக்குப் போகும். சாதாரணத் தையல் அந்த இழுப்புக்கு நிற்காது. அப்பா தோள் மூட்டிலும் கக்கத்திலும் இரட்டைத் தையல் போட்டு, உள்பக்கம் தடித்த கித்தான் துண்டு ஒன்றை வைத்து, அதன்மேல் கையாலேயே குறுக்கும் நெடுக்கும் பின்னுவார். சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் அந்தக் கித்தானில் நீல மையில் பாதி அழிந்த எழுத்துகள் தெரியும். மாவு மூட்டையின் எழுத்து.

மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் லயத்துக்கு முன்னால் காமன் கம்பம் நடுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமி வரைக்கும் ஒவ்வொரு இரவும் தப்புச் சத்தம் மலையிலிருந்து கடைவீதிக்கு இறங்கி வரும். கடைசி இரவுக்கு நாங்கள் குடும்பத்தோடு ஏறிப்போவோம். அம்மா ஒரு போர்வை, ஒரு போத்தல் பிளேன்டீ, ரொட்டி எடுத்துக்கொள்வா. தூதன் ஓலை கொண்டுபோவதும், ரதி வேண்டாம் வேண்டாமென்று தடுப்பதும், மன்மதன் கேளாமல் சிவனின் தவத்தைக் கலைக்கப் போவதும் எல்லாமே பாட்டு. வசனம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. பேசினால் அதுவும் இழுத்துப் பேசுகிற பாட்டுத்தான். விடியக்காலைக் குளிரில் காமன் எரிந்ததும் ரதி தலைவிரித்து ஒப்பாரி சொல்லும்போது, வேசம் கட்டியிருப்பது பால் வெட்டுகிற பையன் என்பது தெரிந்தும் அத்தனை பெண்களும் கூட அழுவார்கள். அந்த அழுகை ரதிக்காக மட்டும் இருந்ததில்லை. அந்த வருடம் செத்தவர்கள், ஊருக்குப் போய்த் திரும்பாதவர்கள் எல்லோரும் அந்த ஒப்பாரிக்குள் வந்து போவார்கள்.

அப்படியொரு விடியலில் பொட்டலின் ஓரத்தில் ஒரு சமிக்கி மின்னியது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். நான் சேர்த்த முதல் பொருள் அது. ஏழு வயதிருக்கும்.

பிறகு என்னென்னவோ சேர்ந்தது. பாட்டு நாடகம் என்றால் எந்த ஊராக இருந்தாலும், எந்த மொழியாக இருந்தாலும் எனக்கு விடமுடியாது. இந்தப் பைத்தியத்தை முதலில் ஊட்டியவரும் அப்பாதான். சிறு பையனாகக் கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு தையற்கடையில் தொழில் பழகியவர் அவர். அது செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் கொழும்பு மேடையில் ஒன்றுசேர்ந்த காலம். 1926, 27 வாக்கில் அங்கே தொடங்கிய ஜோடி, அந்த 27இலேயே கல்யாணத்திலும் முடிந்தது. டிக்கெட்டுக்குக் காசில்லாத அப்பா கொட்டகைக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். கிட்டப்பா மேல்ஸ்தாயியில் நிற்கிறபோது வெளியே நின்ற ரிக்சாக்காரர்கள் பீடியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நிற்பார்களாம். 1933இல் கிட்டப்பா இருபத்தேழு வயதில் இறந்துபோனார். சுந்தராம்பாள் அதன்பிறகு வெள்ளைக் கதர்ச் சீலையில்தான் வாழ்ந்தார். அந்தக் கதையை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அப்பா மெஷினை நிறுத்திவிடுவார்.

அவருடைய முதலாளி வாசித்துக் கிழிந்த "வள்ளி திருமணம்" பாட்டுப் புத்தகம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகம். மேலட்டை இல்லை, முதல் நாலு பக்கம் இல்லை, மிச்சம் கோதுமை மாப்பசை போட்டு ஒட்டியது. அந்தக் காலத்தில் கொட்டகை வாசலில் நோட்டீஸ் சும்மா கிடைக்கும், பாட்டுப் புத்தகத்துக்குச் சில சதம் கொடுக்க வேண்டும். கொடுத்தவர்கள் அதை வாசிக்க வாங்கவில்லை, பாட வாங்கினார்கள். எங்கள் புத்தகத்தின் ஓரமெல்லாம் பென்சிலில் ராகமும் மூச்சு எடுக்க வேண்டிய இடமும் குறித்திருக்கிறது. யாருடைய கையெழுத்தோ. அப்பாவுடையதல்ல.

கடைக்கு எதிரே ரயில்வேயில் வேலைசெய்து ஓய்வுபெற்ற சிங்களப் பெரியவர் ஒருவர் இருந்தார். கண்டியிலிருந்து மாத்தளைக்கு வருகிற கோச்சிப் பாதை 1880இல் போட்டது. அவருடைய தாத்தா காலத்திலிருந்தே அந்தக் குடும்பம் அதில் வேலை செய்தது. ஒருநாள் மத்தியானம் அப்பா பொத்தான் தைத்துக்கொண்டே பழைய நாடக மெட்டு ஒன்றை முனகினார். காற்சட்டை வாங்க வந்த பெரியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அப்பா நிறுத்தியதும், விட்ட இடத்திலிருந்து அவர் சிங்களத்தில் எடுத்தார். அதே மெட்டு. வார்த்தை மட்டும் வேறு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஒருவர் மாறி ஒருவர் அந்தப் பாட்டை முடித்தார்கள். நான் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி ஊதிக்கொண்டிருந்தேன். ஊத மறந்துபோய்க் கரி சாம்பல் பூத்துவிட்டது.

அதன் காரணம் பிற்பாடு வாசித்துத் தெரிந்தது. பம்பாயிலிருந்து கப்பலேறி வந்த பார்ஸி நாடகக் கம்பெனிகள் சென்னைக்கும் போயின, கொழும்புக்கும் வந்தன. அங்கே அவர்கள் மெட்டு தமிழ் நாடகத்துக்குள் போனது. இங்கே சிங்கள நூர்த்திக்குள் போனது. நூர்த்தியை வளர்த்த ஜோன் டி சில்வா, விஸ்வநாத் லௌஜி என்ற இசைக்காரரை இந்தியாவிலிருந்து வரவழைத்தே தன் நாடகங்களுக்கு மெட்டுப் போட்டார். அந்த நாடகங்கள் மருதானை டவர் மண்டபத்தில், 1911இல் அது திறந்தபிறகு, வருடக்கணக்காக ஓடின. ஜோன் டி சில்வாவும் சங்கரதாஸ் சுவாமிகளும் ஒரே ஆண்டில், 1922இல், மறைந்தார்கள். ஒருவரையொருவர் அறிந்திருப்பார்களோ என்னவோ, அவர்கள் பாட்டுகள் உக்குவளையில் ஒரு தையற்கடையில் சந்தித்துக்கொண்டன. பெரியவர் இறப்பதற்கு முன் தன்னிடமிருந்த மூன்று நூர்த்திப் பாட்டுப் புத்தகங்களை எனக்கென்று சொல்லிக் கொடுத்தனுப்பினார். "தையற்காரர் மகனுக்கு" என்று சிங்களத்தில் எழுதிய துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது.

அவருடைய மகனோடுதான் பேராதனைப் பல்கலைக்கழகத் திறந்தவெளி அரங்கில் "மனமே" பார்த்தேன். 1956இல் முதலில் மேடையேறிய சிங்கள நாடகம். நான் பார்த்தது பல வருடம் கழித்து. புல் பனியில் நனைந்திருந்தது, உட்கார்ந்த இடம் முழுக்க ஈரம். கதையை எடுத்துச் சொல்கிறவர் வந்து நின்று பாடத் தொடங்கியதும், "இது நம்ம கட்டியக்காரனல்லவா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அதை எழுதிய சரச்சந்திர தன் நாடகத்துக்கு வடிவம் எடுத்த நாடகம என்கிற பழைய கூத்து, பெயரிலேயே தமிழை வைத்திருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தை எடுத்துச் சுருக்கி, "கர்ணன் போர்", "இராவணேசன்" என்று மேடையேற்றினார். மௌனகுரு இராவணனாக ஆடியதை நான் பார்க்கவில்லை. பார்த்த என் ஆசிரியர் ஒருவர் சொல்லச் சொல்லக் கேட்டதுதான். அவர் சட்டைப் பையில் மடித்துக் கொண்டுவந்த அழைப்பிதழ் என்னிடம் இருக்கிறது, மடிப்புகளில் எட்டாகப் பிரிந்து.

பலாலி ஆசிரியர் கலாசாலையில் படித்த இரண்டு வருடமும் எனக்குப் பாடத்தைவிட வைரமுத்துதான் முக்கியம். காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்து எந்தக் கோயிலில் "மயான காண்டம்" ஆடினாலும் சைக்கிளில் போய்விடுவேன். அவர் சுடலை காக்கிற அரிச்சந்திரனாக நின்று பாடுகையில் கோயில் வீதியில் கச்சான் விற்கிற ஆச்சிகூட விளக்கைக் குறைத்துவிடுவா. நோட்டீஸ் கையில் கிடைக்காத இடத்தில் சுவரிலிருந்து எடுப்பேன். அதற்கு ஒரு நேரம் இருக்கிறது. நாடகம் முடிந்து விடிகிற சமயத்தில் பனி இறங்கிப் பசை இளகியிருக்கும். அப்போது ஈரத் துணியை ஒற்றி, மேல் மூலையிலிருந்து இரண்டு கையாலும் மெதுவாக உரிக்க வேண்டும். வெயில் ஏறினால் பேப்பர் உரியாது, கிழியும். அப்படி உரித்தவை பதினொன்று. ரோஸ் நிறத் தாளில் கறுப்பு மை, அச்சுக் கட்டை தேய்ந்த இடங்களில் எழுத்து பாதி. பின்புறத்தில் யாழ்ப்பாணத்துச் சுவர்களின் சுண்ணாம்பு இன்னும் ஒட்டியிருக்கிறது. அந்தச் சுவர்களில் எத்தனை இப்போது நிற்கின்றனவோ.

இத்தனையும் சேர்ந்தது. ஆனால் எங்கள் மலைக்கூத்துக்கு மட்டும் ஒரு துண்டுத் தாள் இல்லை. காமன் கூத்துக்கு யார் நோட்டீஸ் அடித்தார்கள்? டிக்கெட் ஏது? அச்சில் வந்ததையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்தவன், வீட்டுக்கு மேலேயே ஆடியதற்கு ஒன்றும் வைத்திருக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது, வாத்தியார் போகப்போகிறார் என்று தெரிந்த அன்றுதான்.

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் எழுதியானது. தோட்டத்துத் தமிழரில் ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று கணக்கு. எங்கள் பக்கத்தில் ஆட்கள் கட்டுக்கட்டாகப் போனது எழுபதுகளில், பாணுக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற காலத்தில். ஒருநாள் வாத்தியார் கடைக்கு வந்து, "டெய்லர் அண்ணே, நமக்கும் கடுதாசி வந்திருச்சு" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. எழும்பிப்போய் அவருக்குத் தேத்தண்ணி வாங்கி வந்தார்.

வாத்தியாரிடம் ஒரு கூத்துக் கொப்பி இருந்தது. அவருடைய தகப்பனார் எழுதியது, எண்ணெய் ஊறி வெற்றிலை நிறத்துக்கு வந்துவிட்ட கொப்பி. ஒரு கிழமைக்குத் தாருங்கள், பார்த்தெழுதிவிட்டுத் தருகிறேன் என்று கேட்டேன். சிறிது யோசித்தார். "கொப்பியப் பாத்து எழுதினா பாதிதான் தம்பி வரும். நான் பாடுறேன், நீ எழுது" என்றார். பதின்மூன்று இரவு, லயத்தின் தொங்கல் வீட்டில், குப்பி லாம்பு வெளிச்சத்தில் அவர் பாட நான் சீ.ஆர். கொப்பியில் எழுதினேன். பக்கத்துக் காம்பராவில் பிள்ளைகள் தூங்குவதால் அடிக்குரலில் பாடுவார். ரதியின் ஒப்பாரிக்கு வந்ததும், அன்றைக்கு முடியாதென்று எழும்பிவிட்டார். மறுநாள் பாடினார், மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.

அவர்களை வழியனுப்ப உக்குவளை ஸ்டேஷனுக்குப் போனோம். தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேற வேண்டிய பயணம். தகரப் பெட்டிகளில் வெள்ளைப் பெயின்ட்டால் பேரும் போகிற ஊரும் எழுதியிருந்தது. போகிற ஊரை அந்தப் பிள்ளைகள் கண்டதேயில்லை. கோச்சி அசைந்ததும் பெண்கள் எடுத்த ஒப்பாரி, நான் பதின்மூன்று இரவு எழுதிய அதே மெட்டில் இருந்தது. சட்டை அப்போது எங்கள் கடையில் கிடந்தது. கக்கத்தில் பிரிந்ததைத் தைக்கச் சொல்லி முந்திய வருடம் தந்தது. அடுத்த மாசிக்கு அதைக் கேட்டு யாரும் வரவில்லை.

83 ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. அதைப் பற்றி இங்கே நிறைய எழுத மனமில்லை. நெருப்பு வருகிறதென்ற பேச்சு எழும்பிய அன்று மாலையே, பக்கத்துப் பலசரக்குக்கடை நானா தன் மகன்களை அனுப்பி எங்கள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டார். அதனால் நோட்டீஸும் புத்தகமும் சட்டையும் சீ.ஆர். கொப்பியும் பிழைத்தன. கடையிலிருந்த கிராமபோனும் தட்டுகளும் பிழைக்கவில்லை. பழைய இசைத்தட்டு அரக்கில் செய்தது. சூட்டுக்கு இளகி, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, தாமரை இலை மாதிரி ஓரம் சுருண்டு போயின. சுந்தராம்பாளின் தட்டு ஒன்று மட்டும் தனியே விழுந்து வளைந்து கிடந்தது. அதை எடுத்து வைத்திருக்கிறேன். அப்பா அதை இரண்டு கையிலும் பிடித்து, வரிகளில் விரல் நுனியை வைத்துத் தடவிக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகு அவர் மெஷின் வாங்கவில்லை.

லண்டனிலிருக்கும் என் தங்கை மகளுக்கும் இந்தக் கிறுக்கு தொற்றியிருக்கிறது. 2002இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் "பாம்பே ட்ரீம்ஸ்" அங்கே அப்போலோ விக்டோரியா அரங்கில் நடந்தபோது பார்த்துவிட்டு, அதன் புத்தகத்தை எனக்கென்று கொண்டுவந்தாள். வழுவழுப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர். லண்டனில் அந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமாம். நியூயோர்க்கில் ப்ளேபில் என்ற சின்னப் புத்தகத்தை ஆசனத்துக்குப் போகும்போது எல்லோருக்கும் சும்மா கொடுப்பார்களாம். அதைப் பல தலைமுறையாக விடாமல் சேர்க்கிற குடும்பங்கள் இருக்கின்றனவாம். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. கொட்டகை வாசலில் நோட்டீஸ் சும்மா, பாட்டுப் புத்தகத்துக்குக் காசு என்று அப்பா சொன்னதுதானே. போன முறை வந்தவள் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு தாளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு எண் எழுதித் தந்தாள். சட்டைக்கு எண் எழுதப் பேனையை எடுத்தவள், சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, இதுக்கு நீங்களே எழுதுங்க" என்று பேனையை என்னிடம் தந்தாள். நானும் எழுதவில்லை.

இந்த வருடம் தையில்தான் பையன்கள் வந்தார்கள். மேலே தோட்டத்தில் திரும்பவும் காமன் நடப்போகிறோம் என்றார்கள். ரப்பர் மரங்களும் கொக்கோவும் பாதி போய், வீட்டுக்கொருவர் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகிற தோட்டம் அது. ஒருவன் மாத்தளை நகரில் போன் கடையில் நிற்கிறான், மற்றவன் ஆட்டோ ஓட்டுகிறான். போனில் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். "எல்லாம் இருக்கு மாமா, பாட்டு முழுசா இல்ல" என்றார்கள். சீ.ஆர். கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வாத்தியார் எனக்குச் சொன்னதே எனக்கும் வாயில் வந்தது. போட்டோவில் பாதிதான் வரும் என்று சொல்லி, என் பிசிறடித்த குரலில் நாலைந்து சனிக்கிழமை பாடிக் காட்டினேன். சட்டையைக் கேட்க அவர்களுக்கு வாய் வரவில்லை. கண் அதன்மேலேயே இருந்தது. கொடுத்துவிட்ட அன்று இரவு தூக்கம் வரவில்லை என்பது உண்மை.

பௌர்ணமி இரவு கம்பைப் பிடித்துக்கொண்டு ஏறிப்போனேன். மைக் இருந்தது, டியூப் லைட் இருந்தது, பிள்ளைகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வீரபத்திரன் வருகிற நேரம் யாரோ லைட்டை அணைத்துவிட்டுத் தீப்பந்தம் பிடித்தார்கள். இருட்டுக்குள்ளிருந்து அந்தச் சிவப்பு வெளியே வந்தது. ஆட்டோ ஓட்டுகிற பையன்தான். கயிற்றைப் பிடித்த ஐந்து பேரும் சறுக்கிச் சறுக்கி வந்தார்கள். ஐம்பது வருடம் பெட்டிக்குள் கிடந்த வெல்வெட் தோளில் விரிந்து சுருங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வலது தோளில்தான் விட்டிருக்கிறது. வெல்வெட் நாலு விரல் அகலத்துக்குக் கிழிந்துவிட்டது. உள்ளேயிருக்கும் மாவு மூட்டைக் கித்தானும் அப்பாவின் பின்னலும் அப்படியே நிற்கின்றன. தங்கை மகளிடம் போனில் சொன்னேன். பழைய சாமான்களைத் தொடக்கூடாது, கிழிசலை அப்படியே விட்டுவிட வேண்டும், அதுதான் முறை என்றாள். அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சிவப்பு நூல் தேடினேன். கிடைத்தது கொஞ்சம் மங்கல். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவையில் நூல் கோத்தேன். பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றிலேயே ஊசியை விட்டு, இரட்டைத் தையலாகத் தைத்து முடிக்கச் சாயந்திரக் கோச்சி போய்விட்டது. துவைக்கவில்லை. பெட்டியிலும் வைக்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறேன், அடுத்த மாசிக்கு வருவதாகப் பையன்கள் சொல்லியிருக்கிறார்கள்.